சோலைக்காட்டில் மெர்லின்: ஒரு பறவைச் செயலியின் நிறையும் குறையும்

கைப்பேசியை நீட்டிப் பிடித்தால் போதும், மரத்தில் பாடும் பறவையின் பெயரைச் சொல்லிவிடும் செயலி ஒன்று இருக்கிறது என்று யாரேனும் உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் பெரும்பாலும் மெர்லினைத்தான் சொல்லியிருப்பார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் இதை வெளியிட்டது. பார்த்த இடம், நாள், பறவையின் அளவு, நிறம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஐந்தையும் கேட்டுக்கொண்டு, பொருந்தக்கூடிய பறவைகளின் பட்டியலைத் தருவதே தொடக்கத்தில் இதன் வேலையாக இருந்தது. பின்னர் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதியும், 2021-இல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதியும் சேர்ந்தன. இவற்றுள் கடைசியாக வந்த வசதிதான் பறவை நோக்குவோரின் பழக்கத்தையே மாற்றியிருக்கிறது. இந்த மதிப்புரையும் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

இச்செயலியைக் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சோலைகளிலும் கோவையின் குளக்கரைகளிலும் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பதிவிறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தயங்காமல் பதிவிறக்குங்கள் என்பதே. ஆனால், காட்டுக்குள் எப்போது இதை வெளியே எடுப்பது, எப்போது பைக்குள் வைப்பது, இதிலுள்ள எந்தப் பொத்தானைத் தொடாமலே இருப்பது என்பவற்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதில் அரைகுறையாகவே நின்றுவிடும். எந்தக் கருவியும் பயன்படுத்துபவரின் கையைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்லி விலகிவிடலாம். மெர்லினைப் பொறுத்தவரை, அந்தக் கையின் பழக்கத்தையே செயலிதான் உருவாக்குகிறது என்பதால் அப்படி விலக எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் இது வேலை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் ஒலிவாங்கி பிடிக்கும் சத்தத்தைச் செயலி அந்தக் கணமே ஒரு படமாக மாற்றித் திரையின் மேற்பகுதியில் ஓடவிடுகிறது. கிடைமட்டத்தில் நேரமும், கீழிருந்து மேலாகச் சுருதியும் அமைந்த படம் அது. சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை அதில் வளைந்து செல்லும் மெல்லிய கோடாகத் தெரியும். செம்மார்புக் குக்குறுவானின் ‘டொங், டொங்’ என்ற குரல் ஒரே உயரத்தில், சீரான இடைவெளியில் விழும் புள்ளிகளாகத் தெரியும். சிள்வண்டுகளின் இரைச்சல் உச்சியில் அறாத பட்டையாக ஓடும். ஓடைநீரின் ஓசை அடிப்பகுதியை மூட்டமாக நிறைத்துவிடும். கார்னெல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்தில் உலகெங்குமிருந்து வந்துசேர்ந்த ஒலிப்பதிவுகளில், எந்த நொடியில் எந்தப் பறவை பாடுகிறது என்று அனுபவம் மிக்கவர்கள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்ட கணினி மாதிரி (மாடல்), ஓடும் படத்தின் வடிவங்களை ஒப்பிட்டுப் பெயரைத் தேர்கிறது. நாம் நிற்கும் இடத்தில், அந்தப் பருவத்தில், எந்தெந்தப் பறவைகள் இருக்க வாய்ப்புண்டு என்பதை இபேர்ட் என்ற இணையதளத்தில் மக்கள் பதிந்த பறவைப் பட்டியல்களிலிருந்து அறிந்து, அதற்கேற்ப வடிகட்டிக்கொள்கிறது. ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அதே பறவை மறுபடி பாடும்போதெல்லாம் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும்.

இவ்வளவும் கைப்பேசிக்குள்ளேயே நடப்பதால் இணையம் தேவையில்லை. சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கிலும் செயலி வேலை செய்யும். கட்டணமோ விளம்பரமோ கிடையாது. நாமாக ஏற்றினாலன்றி, பதிவு செய்த ஒலி கைப்பேசியைவிட்டு வெளியே போவதில்லை.

ஊருக்குள் இதன் திறமை வியக்கத்தக்கது. விடியற்காலையில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நின்று இயக்கினால், குயில், தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான், வெண்மார்பு மீன்கொத்தி, ஆள்காட்டி என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பெரும்பாலும் சரியாகவே வருகின்றன. சாலையின் ஹாரன் சத்தமும் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களின் பேச்சும் கலந்திருந்தாலும் அது அதிகம் தடுமாறுவதில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லும் வசதியும் நன்றாகவே இருக்கிறது. கேமராவின் பின்திரையில் தெரியும் படத்தைக் கைப்பேசியால் எடுத்துக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது. குளிர்காலத்தில் வலசை வரும் கதிர்க்குருவிகளைப் போலத் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த பறவைகளில் மட்டும் படத்தைவிடக் குரலையே நம்பலாம்.

மலைக்குப் போனால் நிலைமை மாறுகிறது. கோத்தகிரியை ஒட்டியுள்ள லாங்வுட் சோலை 116 எக்டேர் பரப்புள்ளது. தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் நிறைந்துவிட்ட நிலத்தில் எஞ்சி நிற்கும் பழங்காட்டுத் துண்டு அது. சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் தருவதும் அதுதான். இத்தகைய சோலைகளில் நீலகிரி சிரிப்பான், நீலகிரி சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் சிறு பாடும் பறவை), கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் போல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகள் வாழ்கின்றன. பாசி படர்ந்த கிளைகளுக்கடியில் பகலிலும் வெளிச்சம் குறைவு. பறவை கண்ணில் படுவதற்கு முன்பே, பல வேளைகளில் கண்ணில் படாமலே, குரலால்தான் அறியப்படுகிறது. குரல் கேட்டுப் பெயர் சொல்லும் கருவி மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். செயலி தயங்குவதும் இங்கேதான்.

காரணம் எளிது. ஒரு பறவையைக் கணினி மாதிரிக்குக் கற்பிக்க, அதன் குரல் போதிய எண்ணிக்கையில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சூழல்களில் பதிவாகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் தோட்டத்துப் பறவைக்கு அப்படி ஆயிரக்கணக்கில் பதிவுகள் கிடைக்கும். ஒன்றிரண்டு மலைத்தொடர்களுக்குள் ஒடுங்கி வாழும் பறவைக்குக் கிடைக்காது. அதனால்தான் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிட்டத்தட்ட முழுமையாகச் செயல்படும் இவ்வசதி, இந்தியாவில் இன்னும் பகுதி அளவிலேயே இருக்கிறது. குறைவாகப் பதிவான பறவையே விடுபடும். குறைவாகப் பதிவாவது பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையில், ஒதுங்கிய இடத்தில் வாழும் பறவையே. ஆக, ஒரு காட்டுக்கே உரிய உயிரினம் எதுவோ, அதுவே இந்தக் கருவியின் காதுக்கு எட்டாமல் போகும் வாய்ப்பு மிகுதி. ஊரிலும் தோப்பிலும் கேட்கும் செம்மீசைச் சின்னானையும் வெள்ளைக்கண்ணியையும் சோலைக்குள்ளும் தவறாமல் எழுதிக்காட்டும் திரையைப் பார்த்துவிட்டு, ‘இங்கே இவ்வளவுதான் இருக்கிறது’ என்று எண்ணித் திரும்புபவர், அந்தச் சோலையைச் சோலையாக்கும் குரல்களைக் கேட்காமலே திரும்புகிறார். இதைச் செயலியின் குற்றமாகச் சொல்லவில்லை. திரையில் தோன்றாதது அங்கே இல்லை என்று மனம் எவ்வளவு விரைவில் முடிவு செய்துவிடுகிறது என்பதை உடன் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

துடுப்புவால் கரிச்சான் இருக்கும் காட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடுவதில் அதற்கு நிகரில்லை. ஒற்றைக் கரிச்சான் ஒரு கிளையில் அமர்ந்து பாட, திரையில் வல்லூறு முதல் குக்குறுவான் வரை அடுத்தடுத்துப் பெயர்கள் வந்து நிற்கும். அண்ணாந்து பார்ப்பவருக்கு வால் நுனியில் தொங்கும் இரண்டு துடுப்புகள் உண்மையைச் சொல்லிவிடும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு அன்றைய பட்டியல் நீண்டிருக்கும், அவ்வளவே.

பறவையல்லாத குரல்களை இச்செயலி பொருட்படுத்துவதில்லை. கருமந்தியின் உறுமலோ மலையணிலின் கத்தலோ தவளையின் ஒலியோ அதன் வேலை வரம்புக்கு வெளியே. பறவைச் செயலியிடம் இதை எதிர்பார்ப்பது முறையில்லை என்றாலும், காட்டில் நடப்பவருக்கு இதன் விளைவு பெரிது. கோத்தகிரிப் பக்கம் காட்டெருமைகள் தேயிலைச் சரிவிலும் ஊரோரத்திலும் மேய்வது அன்றாடக் காட்சி. பாதைத் திருப்பத்தில் நிற்கும் காட்டெருமை முதலில் விடும் மூச்சுச் சீற்றத்தைக் கேட்டவர் பின்வாங்குவார், திரையில் மஞ்சள் ஒளிரக் காத்திருப்பவர் முன்னேறுவார். வேட்டைத் தடுப்புக் காவலராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பெரியவர் ஒருவரோடு நடந்தபோது, கைப்பேசியை நீட்டிப் பிடித்திருந்த எங்கள் குழுவை அவர் கையமர்த்தி நிறுத்தினார். “சார், மலையணில் விடாம கத்துது பாருங்க. எதுக்குக் கத்துதுன்னு மொதல்ல கேளுங்க. என்ன குருவின்னு அப்புறம் கேட்டுக்கலாம்” என்றார்.

அவரைத் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர் என்று எண்ணிவிடக் கூடாது. புலிகள் காப்பகங்களில் ரோந்து செல்பவர்கள் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற கைப்பேசிச் செயலியில் தங்கள் வழித்தடத்தையும், கண்ட விலங்குகளையும் தடயங்களையும் பதிவது இன்று வழக்கமான வேலை. அவரும் அதைச் செய்தவர்தான். வால்பாறையில் யானைகள் நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும், கைப்பேசியிலிருந்து எரியவைக்கும் சிவப்பு விளக்குகளாலும் தோட்டத் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு மனித உயிர்களைக் காத்திருப்பதை அவர் மதிப்போடு பேசுவார். அவருடைய ஆட்சேபம் வேறு. எம்-ஸ்ட்ரைப்ஸில் மனிதர் பார்த்ததைக் கருவி வாங்கிக்கொள்கிறது. மெர்லினில் கருவி கேட்டதை மனிதர் வாங்கிக்கொள்கிறார். பத்து ஆண்டு இப்படிப் போனால் காட்டில் நடக்கத் தெரிந்தவர்கள் மிஞ்சமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

இதற்கு நேரெதிராக நிற்கிறார் என்னோடு குளக்கரைக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர். அவர் வீட்டில் பறவையின் பெயர் சொல்லித்தர ஆளில்லை; நல்ல இருநோக்கி வாங்கப் பணமில்லை; பறவை பார்ப்பவர் குழுக்களில் சேர்ந்தபோது, தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் வாய் திறக்கவே இல்லை. மெர்லின் அவரைத் திருத்தியதே தவிர ஒருபோதும் கூசவைக்கவில்லை. “மொட்டை மாடியில தனியா உக்காந்து கத்துக்கிட்டேன் சார். இப்ப நோட்டை மூடி வச்சிட்டே பதினஞ்சு இருபது பறவை குரல்லயே சொல்லிடுவேன்” என்றார். சொன்னபடியே சொல்லவும் செய்கிறார். முன்பு இந்த அறிவு யாருக்குக் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தால், காட்டை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கும், நூல்களும் ஓய்வும் வாய்த்த சிலருக்கும்தான். நடுவில் இருந்த பெருங்கூட்டத்துக்குக் கதவு திறந்தது இப்போதுதான் என்று அவர் சொல்வதை மறுக்க என்னிடம் சொல் இல்லை.

மூன்றாவது பார்வை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வயது ஏற ஏறச் செவிக்கு முதலில் மங்குவன உச்சச் சுருதி ஒலிகள். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானின் குரல் பூச்சியின் ரீங்காரம் போல மெல்லியது. அது தம் காதுக்கு எட்டாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார் அவர். பெயர் வருகிறதோ இல்லையோ, ஒலிப்படம் எப்படியும் ஓடும். அவர் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. திரையின் மேற்பகுதியில் மெல்லிய கீற்றுகள் வரிசையாக எழும்போது நடையை நிறுத்தி, இடுப்பளவு உயரப் புதரின் உட்பக்கத்தைப் பார்க்கிறார். ஒருமுறை அப்படிப் பார்த்த இடத்தில், கருஞ்சிறகும் ஆரஞ்சு மார்புமாக அந்தப் பறவை நிமிர்ந்து அமர்ந்திருந்தது. குரல் எழுப்பும் ஒவ்வொரு முறையும் அதன் வால் சற்றே துடித்தது. கேளாத ஒன்றைக் கண்ணால் கேட்க வைத்த கருவி என்று அவர் இதைப் போற்றுகிறார். இச்செயலியின் மிகச் சிறந்த பயன் எது என்று என்னைக் கேட்டால், ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்த பயன்களையெல்லாம் விட்டு இதையே சொல்வேன்.

மூவரில் யார் பக்கம் நான் நிற்கிறேன் என்பதைச் சொல்லாமல் மதிப்புரை எழுத முடியாது. பெயரைக் கேட்கும் முன்பு குரலைக் கேட்க வேண்டும் என்பதில் நான் காவலர் பக்கம். அதற்காகச் செயலியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை; வரிசையை மாற்றினால் போதும். காட்டின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பேசியை ஃபிளைட் மோடில் பைக்குள் வைத்துவிட்டு, கேட்கும் குரல்களை முதலில் குறிப்பேட்டில் எழுதுகிறேன்: தெரிந்ததற்குப் பெயர், தெரியாததற்கு ‘மூன்று சீழ்க்கை, கடைசி இறங்குகிறது’ என்பது போல ஒரு வர்ணனை. பிறகே மெர்லினை இயக்கி, அது சொல்வதையும் நான் எழுதியதையும் ஒப்பிடுகிறேன். பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபிளைட் மோடிலும் இருப்பிடம் அறியும் வசதி வேலை செய்வதால் செயலிக்கு இழப்பில்லை. வாட்ஸ்அப் குறுக்கே வராது என்பதால் நமக்கு ஆதாயம். இப்படிப் பயன்படுத்தும்போது மெர்லின் நல்லாசிரியராக இருக்கிறது. இயக்கிவிட்டு நடந்தால், அதுவே நமக்குப் பதிலாகக் கேட்டுவிட்டுப் போகிறது. வீடு திரும்பும்போது பட்டியல் கைப்பேசியில் இருக்கும், காதில் ஒரு குரலும் இருக்காது.

இது தனி மனிதரின் இன்பத்தோடு முடிகிற செய்தி என்றால் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். மெர்லினில் சேர்த்த பெயரைச் சில தொடுதல்களில் இபேர்ட் பட்டியலுக்குக் கொண்டுபோய்விடலாம். இபேர்ட், 2002-இல் கார்னெல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபான் சங்கமும் தொடங்கிய தளம். இந்தியாவில் பறவைகளின் நிலையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அதில் மக்கள் இட்ட பதிவுகளிலிருந்து வந்ததே. 2023 ஆகஸ்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 பறவையினங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்துவருகின்றன என்றும், 178 இனங்களுக்கு முன்னுரிமை தந்து காக்க வேண்டும் என்றும் அது சொல்லிற்று. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பட்டியலும் இதே பெருங்கணக்கில்தான் சேர்கிறது. எந்தப் புல்வெளியைக் காக்க வேண்டும், எந்தச் சோலையை ஒட்டிச் சாலை வரக் கூடாது என்ற வாதங்களில் இனி எடுத்துவைக்கப்போகும் சான்று இது. தன் காதால் உறுதி செய்யாத பெயரை, திரை காட்டியது என்பதற்காக மட்டும் பட்டியலில் ஏற்றுபவர் அந்தச் சான்றைக் கலங்கடிக்கிறார். இபேர்ட் தளமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது: மெர்லின் காட்டும் பெயரை ஒரு பரிந்துரையாக மட்டும் கொள்ளுங்கள், நீங்களே கண்டோ கேட்டோ உறுதி செய்ததை மட்டும் பதியுங்கள் என்கிறது. ஐயத்துக்கிடமான பதிவுகளைத் தன்னார்வலர்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். அவர்களுடைய பொழுதும் எல்லையற்றதன்று.

இனி, தொடவே கூடாத பொத்தான். மெர்லினில் ஒவ்வொரு பறவையின் பக்கத்திலும் அதன் குரல் பதிவுகள் இருக்கின்றன. வீட்டில் இருந்து கேட்டுப் பழக இதைவிட நல்ல வசதி இல்லை. அதையே காட்டில் ஒலிபெருக்கியில் போட்டால், அப்பகுதியைத் தனதாக்கிக் காத்துவரும் ஆண் பறவை, எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி ஓடிவருகிறது. படமெடுப்பவருக்கு வெட்டவெளியில் காட்சி தருகிறது. கூடு காக்க வேண்டிய, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு பொருதுவதில் செலவிடுகிறது. ஒருவர் ஒருமுறை செய்தால் பறவை தாங்கிக்கொள்ளலாம். வாரந்தோறும் வேறு வேறு குழு வந்து, அதே பாதையின் அதே வளைவில் நின்று, அதே பறவைக்கு அதே குரலைப் போட்டுக்காட்டுவதே நடைமுறை.

நீலகிரி சோலைக்கிளியை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உயர்ந்த மலைச் சோலைகளில் மட்டுமே வாழும் பறவை இது. கணவாய்க்குத் தெற்கே வாழ்வது வேறு இனம். இவ்விரண்டையும் உள்ளடக்கித் தனிப் பேரினம் வகுக்கப்பட்டதே 2017-இல்தான். சோலை துண்டு துண்டாகிப்போனதால், ஒரு துண்டில் தொல்லை மிகுந்தால் அடுத்த துண்டுக்கு எளிதில் இடம்பெயர்ந்துவிடும் பறவையும் அன்று. இந்தப் பறவையின் குரலைச் சோலைக்குள் ஒலிக்கவிட்டுப் படமெடுப்பதை என்னால் பறவை நோக்குதல் என்று ஏற்க முடியாது. எங்கள் குழுவில் இதற்கு இடமில்லை என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். முகம் சுளித்து விலகியவர்களும் உண்டு.

இருப்பிடத்தைப் பகிர்வதும் இதனோடு சேர்ந்ததே. பாதிப்புக்கு ஆளாகக்கூடிய சில இனங்களின் இடத்தை இபேர்ட் பொதுப்பார்வைக்கு மறைத்தே வைக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போடப்படும் லொக்கேஷனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாலையில் போட்ட செய்திக்கு மறுநாள் காலையில் கார்கள் வரிசையில் நிற்கும். 2024-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மகாராஷ்டிரத்தின் உம்ரேட்-கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் ஒரு புலியையும் அதன் குட்டிகளையும் சஃபாரி வண்டிகள் சூழ்ந்துகொண்ட காட்சி வெளியாகி, மும்பை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. சஃபாரியில் கைப்பேசியே கூடாது என்ற கருத்து வலுப்பெற்றதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம். புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் அப்படித் தடை விதிப்பதை நான் எதிர்க்கவில்லை. மெர்லின் இல்லாமல் ஒரு காலைப் பொழுது போனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால், ஊரை ஒட்டிய குளத்திலும் பள்ளி வளாகத்திலும் தோட்டத்திலும் இச்செயலி பரவ வேண்டும். காட்டின் மேல் அக்கறை கொண்டவர்கள் உருவாவது பெரும்பாலும் காட்டுக்கு வெளியேதான்.

மாற்று வேண்டுவோர் பேர்ட்நெட் செயலியைப் பார்க்கலாம். கார்னெல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது அது. அதில் ஒலியைப் பதிந்தபின், எந்தப் பகுதியில் பறவை பாடுகிறது என்று நாமே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். விடை வர இணையமும் வேண்டும். மெர்லினின் விரைவுக்குப் பழகியவர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றும். எனக்கு அந்தத் தேர்ந்தெடுக்கும் வேலை பிடித்திருக்கிறது. பறவை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறது என்று கவனிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. சிக்னல் இல்லாத சோலையில் அது பயன்படாது என்பதால் மெர்லினே என் கைப்பேசியில் முதலிடத்தில் இருக்கிறது.

பதிவிறக்க விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். செயலியோடு நம் பகுதிக்குரிய பறவைத் தொகுப்பையும் தனியாக இறக்க வேண்டும். கோப்பு பெரியது, வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டே மலையேறுங்கள். குரல் வசதி தொடர்ந்து இயங்கினால் மின்கலம் விரைவில் தீரும். ஓடையருகே நின்று இயக்கினால் பயனில்லை, நீரோசைக்கு முதுகு காட்டிச் சற்று விலகி நில்லுங்கள். உடையின் சரசரப்பு கூடக் குரலை மறைக்கும் என்பதால் பதிவின்போது அசையாதீர்கள். வனப்பகுதிக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். நல்ல பதிவு கிடைத்தால் இபேர்ட் பட்டியல் வழியாக மெக்காலே நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். நம் மலைப்பறவைகளின் குரலைச் செயலி கற்றுக்கொள்ள அதுவே வழி.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். இந்தியப் பறவைகள் பல இன்னும் சேராததற்காக மதிப்பெண் குறைக்கவில்லை; அது காலத்தோடு சரியாகிவிடும். குறைத்த ஒன்று, குரல் பதிவுகளைக் காட்டுக்குள் ஒலிபெருக்கியில் போட இவ்வளவு எளிதாக விட்டுவைத்திருப்பதற்காக. நாம் நிற்கும் இடம் செயலிக்குத் தெரியும், பருவமும் தெரியும், அந்தப் பறவை அழிவின் விளிம்பில் இருப்பதும் தெரியும். அப்படியிருக்க, அத்தகைய இனங்களின் குரலை அவற்றின் வாழிடத்தில் இருக்கும்போது காதொலிப்பானில் மட்டும் ஒலிக்குமாறு செய்வது கார்னெல் ஆய்வகத்தாரால் முடியாத காரியமன்று. அதைச் செய்யும்வரை அந்த ஒரு மதிப்பெண்ணைத் தர எனக்கு மனமில்லை.